சீசரின் பத்து நாள்

3 ஜூன் 1987, புதன்
நாலாம் நம்பர் பவர் பிரஸ்ஸில் இன்று புது ஆள். கஜபதி நின்ற இடம். ரத்தத்தைக் கழுவி, கிரீஸ் தடவி, ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மெஷின் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது நான்தான். மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன் வேறு எதற்கு?

5 ஜூன்
எழுதித் தொலைக்கிறேன். தகட்டை அடித்து வெட்டுகிற அந்த பிரஸ்ஸில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்ட வழியே இல்லை. ஆனால் பீஸ் கம்மியாக வருகிறது என்று சூப்பர்வைசர் லோகநாதன் நச்சரித்தார். இடதுபக்கப் பொத்தானை ஒரு துண்டு ஒயரால் ஷார்ட் பண்ணிவிட்டேன். வலது கை அமுக்க, இடது கை பீஸை மாற்ற — வேகம். மூன்றாம் நாள் கஜபதியின் இடது கையில் மூன்று விரல் போயிற்று.

அதுவாவது தப்பு. அப்புறம் செய்தது அயோக்கியத்தனம். அவனை ஆட்டோவில் ஏற்றிய சந்தடியில் ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவன் கவனக்குறைவு என்கிறது கம்பெனி. பொத்தானை ஷார்ட் பண்ணியிருந்தார்கள் என்கிறான் கஜபதி. எங்கே ஒயர் என்கிறார்கள். 22ஆம் தேதி விசாரணை. பொய் சொன்னான் என்று வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

7 ஜூன், ஞாயிறு
பக்கத்து வீட்டு ஜெயசீலி அக்கா சர்ச்சுக்குக் கிளம்பும்போது, "தாசு, நீயும் வாயேன்" என்றார்.
"மீட்டர்ல காட்டாத எதையும் நான் நம்புறதில்லக்கா."
"ஒன் மூஞ்சியே காட்டிக்கினு கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

8 ஜூன்
முடியலை.

9 ஜூன், செவ்வாய்
காலையில் ஏரிப் பக்கம் நடந்தேன். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. இன்று இதை எழுதுவேன் என்றும் நினைக்கவில்லை.

வழியில் பிளாட் போட்டு முள்கம்பி கட்டியிருக்கிறார்கள். அதில் ஜெயசீலி அக்காவின் நாய் சீசர். கழுத்தும் முன்காலும் மாட்டி, குரைக்கக்கூடத் தெம்பில்லை. தாண்டிப் போனேன். ஒரு பத்தடி. சனியன் — திரும்பினேன். பேண்ட் பையில் கட்டிங் பிளேயர், எங்கே போனாலும் இருக்கும். நாலு இடத்தில் வெட்டினேன். கடைசிக் கம்பி விட்டதும் முழங்கைக்குக் கீழே கவ்வியது பார்!

நாயைத் தேடிக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்தார். "அறிவு கீதா ஒனக்கு? மாட்டிக்கினு கீற நாய்கிட்ட கைய நீட்டுவியா?" சோப்புப் போட்டுக் கழுவி, பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, தினம் ஒன்று.

"நாய கட்டிப்போட்டு கவனிங்க" என்றார் டாக்டர். "பத்து நாள் நல்லபடியா இருந்துதுன்னா வெறி இல்ல, ஊசிய நிறுத்திடலாம். செத்தாலோ காணாமப் போனாலோ ஒடனே வந்து சொல்லணும்."

சாகப் போனவனுக்கு ஊசி. நானும் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தேன்.

11 ஜூன்
வயிறு கல் மாதிரி. நாய் கஞ்சி குடித்தது.

12 ஜூன்
குடித்தது.

14 ஜூன், ஞாயிறு
எழுந்ததும் மதில்மேல் எட்டிப் பார்க்கிறேன். அது தலையைத் தூக்குகிற வரைக்கும் பல் விளக்கப் போக முடியவில்லை. ஏன்? ஏரியில் போனால் என்ன, வெறிநாய்க் கடியில் போனால் என்ன?

அக்கா சிரிக்கிறார். "இன்னா தாசு, நாய்க்குப் பொண்ணு குடுக்கப் போறியா? டெய்லி வந்து நின்னுக்கினு கீறே."

17 ஜூன், புதன்
சீசரைக் காணோம். கயிற்றைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. வேலைக்குப் போகவில்லை. ஹைவே ஓரம் முழுக்கச் சைக்கிளில் தேடினேன். சென்னீர்குப்பம் தாண்டி லாரி அடித்துப்போட்ட நாய் ஒன்று கிடந்தது. அதே செம்பட்டை நிறம். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றேன். வாய் தானாகச் சொல்லிற்று: "ஆண்டவரே, அதுவா இருக்க வேணாம். என்ன வாழ விடுங்க."

டிப்ளமாவில் சேர்ந்த நாளிலிருந்து ஜெபம் பண்ணியதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

போய்ப் பார்த்தேன். வேறு நாய்.

சாயங்காலம் கரையான்சாவடியில் அன்வர் பாஷா கறிக்கடை. வெட்டுக்கட்டைக்கு அடியில் சீசர், எலும்பு கடித்துக்கொண்டு. பாஷா என்னையே பார்த்தார். "இன்னா நைனா, ஒரு நாய்க்கா இப்டி அயுவுறே? இட்டுக்கினு போ. காத்தாலேர்ந்து என் யாவாரத்துல பாதிய துன்னுட்ச்சு."

நாயை இழுத்தது எலும்பு வாசனை. சரி. என் வாயைத் திறக்க வைத்தது எது? தெரியாது. தெரியாது என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை.

19 ஜூன்
பத்து நாள் முடிந்தது. சீசர் நன்றாக இருக்கிறது. பதினோரு ஊசியோடு நிறுத்தியாயிற்று. தடவிக் கொடுக்கப் போனேன், உறுமியது.

22 ஜூன், திங்கள்
விசாரணை. ஒயரை மேசைமேல் வைத்தேன். நான் போட்டது, நான் எடுத்தது என்றேன்.
"இவனுக்கு நாய் கடிச்சதுல மூள கலங்கிட்ச்சு சார்" என்றார் லோகநாதன்.
எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கஜபதி எதிரில் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை மடிமேல். கடைசி வரை என் பக்கம் திரும்பவில்லை.

12 ஜூலை, ஞாயிறு
எனக்கு வேலை போய்விட்டது. கஜபதிக்குப் போகவில்லை. ஸ்டோர்ஸில் போடுகிறார்களாம்.

இன்று சென்னீர்குப்பத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். "இன்னாத்துக்கு வந்தே?" என்றான். வாசற்படியில் உட்கார்ந்தேன்.

பீடியை வாயில் வைத்துக்கொண்டு, தீப்பெட்டியை இடது கையில் பிடிக்கப் பார்த்தான். இரண்டு தடவை விழுந்தது. எடுத்துப் பற்ற வைத்தேன். தட்டிவிடவில்லை.

"பெரிய உத்தமன்னு நென்ச்சுக்காதே. ஒன்ன பாத்தா எனக்குக் கை எரியுது."
"தெரியும்."

பீடியைப் பாதி இழுத்தான்.

"வர்ற ஞாயித்துக்கெயம இன்னா பண்றே?"
"காலைல சர்ச்சுக்குப் போறேன்."
"முட்ச்சிட்டு வா. ஊட்ல ஃபேன் ஓடல. ஸ்டூல் மேல ஏறி கயட்றதுக்கு ரெண்டு கை ஓணும்."