பச்சை அறுகோணம்

பிட்மன்ஸ் கோவ்,
நியூஃபவுண்ட்லாந்து
மார்ச் 3, 2022

என் அருமை மருமகள் வெர்னாவுக்கு,

உன் அப்சலோம் மாமா, வலது கையைப் பைபிள் மீதும் இடது கையைத் தேநீர்க் கோப்பை மீதும் வைத்துக்கொண்டு எழுதுவது. உலகத்தில் ஒருவரும் நம்பப் போகாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பாதே. நம்பினால், உன்னையெல்லாம் அந்த ஒட்டாவா ஆபீஸில் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது நடக்காது.

உன் அம்மா சௌக்கியம், இதயத்தைத் தவிர. போன செவ்வாய் ஊர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் டார்லீன் வீடியோத் திரையைப் போட்டாள். செயின்ட் ஜான்ஸிலிருந்து டாக்டர் தோன்றினார். “பிளான்ச் அம்மா, உங்க இதயம் இருக்கே...” என்றார். அவ்வளவுதான், வாய் திறந்தபடி உறைந்து போனார். உன் அம்மா ஒரு காலுறையைப் பின்னி முடித்து இரண்டாவதைத் தொடங்கினாள். வெளியே பனி உருகி, மறுபடி பெய்தது. திறந்த வாயை நம்பி ஒரு சிலந்தி திரையின் மூலையில் வலை கட்டியது. கடைசியில் டாக்டருக்கு உயிர் வந்தது. “...அவ்வளவுதான் விஷயம். தைரியமா போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு மறைந்தார். என்ன விஷயம் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது சுகாதாரத் துறை எழுதியிருக்கிறது: அடுத்த குளிர்காலத்துக்குள் நல்ல இணைய இணைப்பு வராவிட்டால் திரை டாக்டர் கிடையாது, மருத்துவமனையையும் மூடுவார்கள். மூடினால் உன் அம்மா உன்னோடு ஒட்டாவாவுக்கு வந்துவிட வேண்டியதுதான். உனக்கு மகிழ்ச்சி. நான் யாரோடு சண்டை போடுவது?

ஆகவே, இணையக் கம்பி இல்லாத ஊர்களுக்கு அரசாங்கம் ஒரு பொது நிதி வைத்திருக்கிறதாமே, அதற்கு ஊர் சார்பில் விண்ணப்பித்தோம். பதில் வந்தது. “உங்கள் பகுதியில் அதிவேக இணையம் ஏற்கெனவே உள்ளது.” கூடவே ஒரு வரைபடம். தேசம் முழுக்க ஆறு பக்கக் கட்டங்கள். நம் கட்டம் மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கிறது.

மருமகளே, நீ அந்த வரைபடம் போடும் துறையில்தானே இருக்கிறாய். இதை வரைந்தது மனிதனா, தேனீயா? பத்தொன்பது வீட்டில் யார் வீட்டில் அந்த அதிவேகம் ஒளிந்திருக்கிறது?

பதிலுக்குத் துடிக்கும்,
அப்சலோம் கீப்பிங்

---

ஒட்டாவா
மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிலந்தியை நம்பவில்லை. டாக்டரை நம்புகிறேன், அம்மா போனில் சொன்னாள்.

முதலில் ஒன்று. சொந்த ஊர் பற்றிய ஆபீஸ் கோப்பு எதையும் நான் தொடக் கூடாது, அது விதி. அதனால் இதை வீட்டில், என் காகிதத்தில், என் பேனாவில் எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வொரு அறுகோணமும் இருபத்தைந்து சதுர கிலோமீட்டர். இணையம் இறங்கும் வேகம் ஐம்பது மெகாபிட், ஏறும் வேகம் பத்து. இந்த அளவு அதற்குள் ஒரே ஒரு வீட்டுக்குக் கிடைத்தாலும் அந்தக் கட்டம் முழுவதும் பச்சை. பச்சைக்கு நிதி இல்லை. நாடு பெரியது மாமா. வீடு வீடாக எண்ண ஆளில்லாமல் இப்படி எண்ணுகிறார்கள். இது சரியா என்று எனக்கே தினமும் கேள்வி எழுகிறது. தேனீயா என்று நீங்கள் கேட்டதால், ஏன் ஆறு பக்கம் என்று என் மேலாளரிடம் கேட்டேன். இடைவெளி விடாமல் ஒட்டும் என்றார். இடைவெளியில்தானே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஆக, உங்கள் கட்டத்தில் யாரோ ஒருவர் வேகம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். தவறென்றால் ஆட்சேபணை தெரிவிக்கலாம். கடைசி நாள் ஏப்ரல் 30. அந்த வீட்டை முதலில் கண்டுபிடியுங்கள்.

அம்மா மாத்திரை போடுகிறாளா என்று பாருங்கள்.

உங்கள் வெர்னா

---

பிட்மன்ஸ் கோவ்
மார்ச் 25

என் ஞானச் சுடரே,

கண்டுபிடியுங்கள் என்று நீ எழுதிய வார்த்தையை அரச கட்டளையாக ஏற்று, தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, கையில் வரைபடம், பின்னால் நர்ஸ் டார்லீன் சகிதம் புறப்பட்டேன். இத்தீவின் வரலாற்றில் இவ்வளவு பெரிய படையெடுப்பு நடந்ததில்லை.

முதல் கதவு சிரில் ஹேனுடையது. நாற்பது வருஷம் என்னோடு கடலுக்கு வந்தவன்.

“உன் வீட்ல ஐம்பது இருக்கா?”

“எழுபத்தொண்ணு ஆச்சுய்யா எனக்கு.”

“வயசில்லடா, வேகம்!”

“வேகமா? நேத்து என் பேத்தி படம் அனுப்பினா. இன்னிக்கு நெத்தி மட்டும் வந்திருக்கு. மூக்கு வர ஞாயித்துக்கிழமை ஆகும்.”

டார்லீன் குறித்துக்கொண்டாள். அடுத்த வீடு, அதற்கடுத்தது, தேவாலயம், மீன் கொட்டகை. ஒவ்வொன்றிலும் அவள் வேகத்தை அளந்தாள். எங்கும் மூன்றைத் தாண்டவில்லை. பெர்சி மேட்டர்ஃபேஸின் கோழிக்கூண்டிலும் அளந்தோம். அங்கே நான்கு வந்தது. அன்று முதல் பெர்சி தன் மின்னஞ்சல்களைக் கோழிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு அனுப்புகிறான்.

வீடுகள் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பது சதுப்பு நிலமும் அதில் ஒரு மூஸ் மானும்தான். அதன் கொம்புகளில்தான் ஐம்பது இறங்குகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒட்டாவா விரும்பினால் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றத் தயார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். உன் அம்மா உப்பு மீனை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எல்லா வீட்டுக்கும் போனியேண்ணே, நம்ம வீட்டைப் பாத்தியா?”

“நம்ம வீட்ல என்ன இருக்கு?”

“நீ இருக்கியே.”

இந்தப் பெண்கள் பேசுவது எனக்கு எப்போதும் புரிவதில்லை.

அன்புடன்,
படைத்தளபதி அப்சலோம்

---

ஒட்டாவா
ஏப்ரல் 4

அன்புள்ள மாமா,

பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கும் கோப்பு ஒன்று உண்டு. அதில் மூன்று வருஷத்துக்கு முன் வீடுகளுக்கு அனுப்பிய கேள்வி அட்டைகள் இருக்கின்றன. பெயரை மறைத்திருக்கிறார்கள். நான் அதில் படித்ததை அப்படியே எழுதுகிறேன்:

“ஐம்பது கிடைக்கிறதா? ஆம். குறிப்பு: ஐம்பது என்ன, ஐநூறு! வெள்ளிக்கிழமை அனுப்ப நினைக்கும் கடிதம் எனக்கு வியாழனே வந்துவிடுகிறது. வேகக் காற்றில் பூனைக்கு முடி உதிர்ந்து மொட்டையாகிவிட்டது.”

பெயர் எதற்கு மாமா? ஆபீஸில் யாரும் குறிப்பைப் படிக்கவில்லை. பெட்டியில் விழுந்த குறியைப் பார்த்தார்கள், பச்சையடித்தார்கள்.

நான் சிரித்தேன். பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அவள் இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பன்னிரண்டாவது மாடியில், கடல் இல்லாத ஜன்னலுக்குப் பக்கத்தில் அவளை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த அட்டையில் எழுதியது பொய் என்று, சத்தியம் வாங்கும் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். டார்லீன் அளந்த கணக்கையும் இணைத்துவிடுங்கள். தயவுசெய்து ஒரே வரி. கோழி வேண்டாம், மூஸ் வேண்டாம்.

வெர்னா

---

பிட்மன்ஸ் கோவ்
ஏப்ரல் 16

வெர்னா,

சிரிலின் கதவைத் தட்டும்போதே அட்டை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மிச்சக் கதவுகளைத் தட்டியது வீம்புக்கு. இதை உன் அம்மாவிடம் சொல்லாதே, அவளுக்குத் தெரியும்.

சரி, நடந்ததைக் கேள். படகில் அக்கரைக்குப் போனேன். சத்தியம் வாங்குகிறவர் ரூபன் ஸ்ட்ரிக்லண்ட். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைப் படித்தார்.

“என்னய்யா இது?”

“நான் எழுதினது பொய்னு சத்தியம் பண்ணணும்.”

“நீ வாயத் தொறந்தாலே பொய்தானே. இப்ப ‘அது பொய்’னு சொல்றியே, இது நெசமா?”

“நெசம்.”

“அதத்தான்யா நம்ப முடியல. போன வருஷம் திமிங்கிலம் உன்கிட்ட வழி கேட்டுச்சுன்னு இதே நாற்காலில உக்காந்து சொன்னவன் நீ. உன் சத்தியத்துல நான் முத்திரை குத்தினா நாளைக்கு என் வேலை போயிடும்.”

நான் கெஞ்சினேன். ஆமாம், நான் கெஞ்சினேன், எழுதிவைத்துக்கொள். அவர் சொன்னார், “உன்னை நம்பறதுக்கு எனக்கு சாட்சி ஆளுங்க வேணும்.”

திரும்பி வந்து தேவாலயக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கட்டம் பச்சையானது என்னால்தான் என்று. பெர்சியின் மனைவிதான் முதலில் கேட்டாள், “ஏன் மாமா, பூனைக்கு நெசமாவே முடி கொட்டிச்சா?” அப்புறம் கூரை பறக்கச் சிரித்தார்கள். சிரில் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மனைவிக்கும் அந்தத் திரை டாக்டர்தான்.

அவனே காகிதம் எடுத்து எழுதினான்: “அப்சலோம் கீப்பிங் எங்கள் ஊரின் மிகப் பெரிய புளுகன் என்றும், அவர் பேச்சைக் கொண்டு எதையும் அளக்கக் கூடாது என்றும் பிட்மன்ஸ் கோவ் மக்களாகிய நாங்கள் உறுதி கூறுகிறோம்.” பிறகு ‘எங்கள் ஊரின்’ என்பதை அடித்துவிட்டு ‘இத்தீவின்’ என்று திருத்தினான். அது அவன் பெருந்தன்மை. நாற்பத்திரண்டு பேர் கையெழுத்து. உன் அம்மா முதலாவது, கொஞ்சம் அழுத்தமாகவே.

ரூபன் அதைப் படித்துவிட்டு உடனே முத்திரை குத்தினார். நேற்றுத் தபாலில் போய்விட்டது.

அப்சலோம்

---

ஒட்டாவா
ஜூன் 20

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று காலை வரைபடம் புதுப்பிக்கப்பட்டது. உங்கள் கட்டம் வெள்ளை. தேசத்திலேயே வெள்ளையைப் பார்த்து ஒருத்தி அழுதது இதுதான் முதல் தடவையாக இருக்கும். ஊரின் விண்ணப்பத்தை நிதியில் சேர்த்துக்கொண்டார்கள். கம்பி வர இரண்டு கோடைக்காலம் ஆகலாம். ஆனால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதால் அதுவரை மருத்துவமனையை மூடுவதில்லை என்று சுகாதாரத் துறை எழுதியிருக்கிறதாம். தட்டுகள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன என்று அம்மா சொன்னாள். ஒன்று உடைந்ததாம், அது உங்களால் என்றும் சொன்னாள்.

உங்கள் ஊர்ச் சான்றிதழை எங்கள் ஆபீஸில் யாரோ பிரதி எடுத்துத் தேநீர் அறையில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது நானல்ல.

ஒரே ஒரு கேள்வி, மாமா. கோபமில்லை, தெரிந்துகொள்ள ஆசை. குறிப்பு வேடிக்கை, புரிகிறது. ஆனால் ‘ஆம்’ பெட்டியில் ஏன் குறி போட்டீர்கள்? ‘இல்லை’ போட்டுவிட்டு அதே பூனையை எழுதியிருக்கலாமே?

உங்கள் வெர்னா

---

பிட்மன்ஸ் கோவ்
ஜூலை 2

அன்பு வெர்னாவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று, உன் அம்மாவுக்கு ஆறு. நாங்கள் இங்கே இல்லை. வெளியே, கானட் தீவில் இருந்தோம். அரசாங்கத்திலிருந்து ஒருவர் காகிதத்தோடு வந்தார். டாக்டர் உண்டா? சாலை உண்டா? மின்சாரம் உண்டா? என் அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். இல்லை, இல்லை, இல்லை என்று எல்லாவற்றிலும் குறி போட்டார். இல்லாததெல்லாம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. இத்தனை இல்லாத இடத்தில் ஜனங்கள் எதற்கு என்று கேட்டார்கள். அடுத்த கோடையில் ஊரைக் கலைத்துவிட்டோம்.

எங்கள் வீட்டுக்கு அடியில் காலி எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டினார்கள். அலை ஏறும் நேரம் பார்த்து அப்படியே தண்ணீரில் இறக்கினார்கள். நான்கு படகுகள் கயிறு கட்டி இழுத்தன. மாடி ஜன்னலில் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. அப்பா படகில் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு தடவையும் திரும்பவில்லை. கரை சேர்த்த இடம் இதுதான். இந்தக் கடிதத்தை எழுதும் அடுக்களை அந்த அடுக்களை.

மூன்று வருஷத்துக்கு முன் அரசாங்கத்திலிருந்து மறுபடி ஓர் அட்டை வந்தது, உண்டா என்று கேட்டு. என் கை தானாக ‘ஆம்’ பக்கம் போய்விட்டது. ஐநூறும் பூனையும், பயந்துதான் குறி போட்டேன் என்பதை நானே பார்க்காமலிருக்க எழுதியவை.

நான் உனக்கு எழுதியவற்றில் எதையும் நம்பாதே. சிலந்தி பொய். திமிங்கிலம் வழி கேட்டது பொய். அது நேரம்தான் கேட்டது. வீடு கடலில் மிதந்து வந்தது மட்டும், அந்தச் சின்ன விஷயம் மட்டும், நிஜம்.

உன் மாமா,
அப்சலோம்