வேஸ்ட் ஷீட்டில் வயதாகிறவள்

இன்று காலை என் வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து ஒரு கட்டு வேஸ்ட் ஷீட் வாங்கிவந்து கட்டிலோரம் வைத்தார். கயிற்றை அவிழ்த்தேன். மை வாசனை அடித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

திருத்தங்கலில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து நாம் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்த காலத்தில், இந்தத் தாள்களுக்காக அடித்துக்கொள்வோமே! நிறம் சரியாக விழும்வரை மிஷினில் பழைய தாள்களையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். மயில்மேல் ரோஜா, ரோஜாமேல் புலி, எல்லாவற்றின் மேலும் சிரிக்கிற ஒரு குழந்தை. மதியம் சாப்பிட்டதும் அந்தக் குழப்பத்துக்குள் ஒரு முகத்தைக் கண்டுபிடித்து, பிரஷால் வெளியே கொண்டுவர வேண்டும். தினமும் ஒன்று. சீசன் நெருக்கடியில் நான் மேசையில் தலையைச் சாய்த்தால் நீ விட்டதில்லை.

“ஏட்டி, தெம்பு இல்லேன்னா ஒரு கோடு போடு, போதும். சும்மா மட்டும் எந்திரிச்சுப் போகாத.”

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது உனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இப்போது என் சிறுநீரகம் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்த மறுநாள் தண்ணீர் டம்ளர்கூடக் கனக்கிறது. அப்படிப்பட்ட நாள்களில் ஒரே ஒரு கோடுதான் போடுகிறேன். போட்டதும், மீதி முகம் தாளில் ஏற்கெனவே இருப்பது தெரிகிறது. அது உன் முகம்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கவனித்தேன். உன் காதோரம் நரைத்திருந்தது. அடுத்த மாதம் கன்னம் ஒட்டியது. சிரிக்கும்போது ஒரு பல்லைக் காணோம். நான் அவற்றை வரையவில்லை, சத்தியமாக.

வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். “இது உன் சிநேகிதியோட அம்மாவா? அம்புட்டு ஜாடை இருக்கு.”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? செத்தவளுக்கு எங்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது என்றா?

போன மாதம் காய்ச்சலில் கிடந்து, சில நாள் பிரஷைத் தொடவில்லை. திரும்ப உட்கார்ந்தபோது தாளில் உன் பின்னந்தலை மட்டும் இருந்தது. கோபக்காரி! மெனக்கெட்டுத் தினமும் வரைந்த பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் திரும்பினாய். சிரித்தேன்தான். ஆனாலும் நான் நிறுத்திவிட்டால் நீ எங்கே போவாய் என்று பயந்தேன். உன்னை மறுபடி ஒருமுறை பறிகொடுக்க எனக்குத் திராணியில்லை.

நேற்று அந்தப் பயம் வேறு பக்கம் திரும்பியது. உன் தோளுக்குப் பக்கத்தில், புலியின் வரிகளுக்குள் இன்னொரு முகம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. என் முகம்தான். கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை. நான் தீட்டினால் திறந்துவிடும். நீ அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைத்திருப்பவளைப் போல. நிஜத்தைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆசையாகவும் இருந்தது. இந்த உடம்பை இழுத்துக்கொண்டு திரிவது அலுத்துவிட்டது. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் வலியெல்லாம் போய்விடும்.

அப்புறம் அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “கஞ்சி ஆறுது. வாரியா, அங்கன கொண்டாரவா?”

வருகிறேன் என்றேன். அதற்குமேல் நேற்று பிரஷைத் தொடவில்லை.

இன்றைக்குப் புதுத் தாள் எதையும் எடுக்கவில்லை. நேற்றைய தாளையே மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கோட்டுக்குத்தான் தெம்பிருந்தது. அதை நம் இருவருக்கும் நடுவில், மேலிருந்து கீழ்வரை போட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கும் உட்காருவேன், கோட்டுக்கு இந்தப் பக்கத்தில்.