கரைதான் மேடு

அன்புள்ள அமீருன்னிசாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை, ஊரே பார்த்துச் சிரிக்க, என்னைக் கைலி இல்லாமல் தோணியில் தூக்கிப் போட்டாள் ஒரு தோணிக்காரி. நானும் உன் தம்பி ஒலியுல்லாவும் சுகம். வில்பட்டியில் எல்லாரும் சுகமா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

கொள்ளிடம் கடலில் சேருகிற இடத்தில், ஒரு மண் திட்டில்தான் நாங்கள் போன வாரம் வந்து சேர்ந்த கருவாட்டுக் கடை. அன்று வெள்ளனே ஆறு கரை விளிம்பு வரை ஏறிவிட்டது. நம் மலையில் ஓடை இரைந்தால் விலகித்தானே ஓடுவோம்? "ஏலே மாப்ளே, தீவு நடுவுக்கு ஓடு!" என்று அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓட ஓடத் தண்ணீர் கூடியது. எனக்கு இடுப்பளவு. அவன் சேற்றில் புதைந்ததால் நெஞ்சளவு.

"மச்சான், காலு வரலை மச்சான்!"

நான் அவன் கையை விடவில்லை, அமீரு. விட்டுவிட்டு உன் முகத்தில் எப்படி விழிப்பது?

கரையிலிருந்து தோணிக்கார சுந்தராம்பாள் கத்தினாள். "யோவ் மலைக்காரரே, கரைதான்யா மேடு! நடுவுல பள்ளம்யா!"

ஆறு வண்டலைக் கரையோரமே கொட்டுவதால் தீவு சோற்றுத் தட்டு மாதிரியாம். வாய்க்கால் வழியே வரும் தண்ணீர் நடுவில்தான் தேங்குமாம். அவள்தான் தோணியோடு வந்து எங்களை இழுத்துப் போட்டாள்; என் கைலி சேற்றோடு போயிற்று.

தைல எண்ணெய் ஒரு புட்டி அனுப்பு. நம் வாசலில் கிடக்கிற கல் ஒன்றையும் சேர்த்துக் கட்டு. இங்கே தேடினாலும் ஒரு கூழாங்கல் கிடையாது. சும்மா, கையில் வைத்துக்கொள்ளத்தான்.

தபால் படகு கிளம்புகிறது. துஆ செய்.

ஜலாலுதீன்

பி.கு. செவ்வாய்க்கிழமை வந்தது வெள்ளமே இல்லையாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வருகிற கடலேற்றமாம். வெள்ளம் ஐப்பசியில்தானாம்.