கொரியாவில் இருப்பவளுக்குச் சொல்லவேண்டாம்

16 ஒக்டோபர் 2014, வியாழன்
லா சப்பலில் நான் வேலை செய்யும் உதயன் அண்ணையின் கடையில் இன்று வெங்காய மூட்டைகள் வந்து இறங்கின. முதுகு நோ. வீட்டுக்கு வந்தால் மகள் தாட்சாயினியின் பெட்டி. அவள் படிக்கும் லிசேயிலிருந்து பதினான்கு பிள்ளைகளைப் பத்து நாள் கொரியாவுக்குக் கூட்டிப் போகிறார்கள், குவாங்ஜு என்ற நகரம். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் இவள் பரதம் ஆடவேண்டும். பெட்டி தொலைந்தாலும் சலங்கை தப்பவேண்டுமாம், கைப்பையில் வைக்கச் சொல்கிறார் இவர், அவளின் அப்பா. விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்றேன்.
"பிடிச்சால் ஆடிக் காட்டட்டும்."

18, சனி
மகளை ஏற்றிவிட்டோம்.

22, புதன்
தீபாவளி. இரண்டு பேருக்கு என்ன பலகாரம் என்றேன். இவர் தானே வடை சுட்டார். உப்புக் கூடிப்போச்சு.

23, வியாழன்
இவர் காலமானார். காலை ஆறரைக்கு, வேலைக்குப் போகும் வழியில், ஸ்தேன் பஸ் தரிப்பிடத்தில். நெஞ்சு. ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். பிறகு இன்னொன்றில். அழுகை வரவில்லை. ஏன்?

24, வெள்ளி
உதயன் அண்ணை முடிவெடுத்துவிட்டார்.
"அவளுக்கு இப்ப சொல்லவேண்டாம், தேவி. திங்கள் ஆடி முடிச்சிட்டுப் புதன் வரட்டும். எரிக்கிறது வியாழன்தானே. பதினொரு மணித்தியாலம் பிளேனில தனிய இருந்து அழுறதோ பிள்ளை?"
"சாவுத் துடக்கோடை சலங்கை கட்டுறதோ, அண்ணை?"
"கேள்விப்பட்டால்தான் துடக்கு. தெரியாதவைக்கு இல்லை."
ஓம் என்றேன். அவ்வளவு கெதியாக எப்படிச் சொன்னேன்?

25, சனி
காலையில் மகள் கோல் எடுத்தாள். அப்பா எங்கே என்று வழமைபோல் பிரெஞ்சில் கேட்டாள். குளிக்கிறார் என்றேன். "தக்கோர்", சரி என்றாள். அங்கே முட்டைக்கோவா ஊறுகாய் மூன்று வேளையும் கொடுக்கிறார்களாம்.

26, ஞாயிறு
இன்றைக்கு அவள் அப்பாவைக் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

27, திங்கள்
ஆடிவிட்டாள். வீடியோ வந்தது. பூ இல்லை, சலங்கையும் இல்லை. விமான நிலையத்தில் பிடித்துவிட்டார்களாக்கும்.

29, புதன்
காருக்குள் வைத்துச் சொல்வது என்று அண்ணை எண்ணியிருந்தார். அவர் வாய் திறக்கமுன் அவள் சொன்னாள்:
"எனக்குத் தெரியும், மாமா."
சனி இரவே தெரியுமாம். அவளுக்கு ஒருவரும் கோல் எடுக்கக்கூடாது என்று சனத்துக்கெல்லாம் சொல்லிவைத்த அண்ணை, மரண அறிவித்தலை மட்டும் வழமைபோல் இணையத்தில் போட்டிருக்கிறார். தாட்சாயினியின் பாசமிகு தந்தை என்று, அவள் பெயரும் படமும் சேர்த்து. அதில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தது நான். கடைக் கண்ணாடியில் ஒட்டியதும் நான். ஒரு சொட்டும் யோசிக்கவில்லையே, நான் என்ன மனுசி?
சலங்கை ஏன் கட்டவில்லை என்று கேட்டேன்.
"துடக்கல்லோ" என்றாள்.

30, வியாழன்
எரித்தோம். தகனசாலையில் எங்களுக்குத் தந்தது நாற்பது நிமிடம்.

22 நவம்பர், சனி
முப்பத்தோராம் நாள். சனம் சாப்பிட்டுப் போனபின் தாட்சாயினி குசினிக்குள் வந்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு என்னோடு பேசினாள், அதுவும் தமிழில்.
"அம்மா, உங்களுக்கு ஏதும் எண்டால் எனக்கு ஆர் சொல்லுவினம்?"
கோபமாகக் கேட்கவில்லை. கோபமென்றால் தாங்கியிருப்பேன். கோப்பைகளைக் கழுவினேன்.

5 பெப்ரவரி 2015, வியாழன்
மார்பில் இருப்பது நல்ல கட்டி இல்லை என்று டொக்டர் சொன்னார். மார்ச்சில் வெட்டவேண்டுமாம். வெளியே வந்தேன். லிசேயில் வகுப்பு நேரம் என்று தெரிந்தும் தாட்சாயினிக்குக் கோல் அடித்தேன். இரண்டாம் தரம் எடுத்தாள். டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன்.
"அங்கையே இருங்கோ. வாறன்."
ஆஸ்பத்திரி வாசல் வாங்கில் குந்தியிருந்து இதை எழுதுகிறேன். உதயன் அண்ணைக்கு இன்னும் தெரியாது.