பதினோரு தாயத்துகள்

அம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? அப்பா ஆடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டாரா? பத்கெனில் நான் நலம்.

நேற்று நான் பாடம் சொல்லும் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. முந்தின நாள் பள்ளியில் ஒத்திகை வைத்து, நானே காவலராக நின்று எல்லோரையும் சோதித்தேன். பெர்மெத்தின் கழுத்தில் ஒரு தோல் தாயத்து, உள்ளே துவா, பிரார்த்தனை வரிகள், எழுதிய காகிதம். தேர்வு வாசலில் பார்த்தால் பிட் என்று சொல்லி வெளியே தள்ளிவிடுவார்கள். தேறாவிட்டால் இலையுதிர் காலத்தில் அவளுக்குக் கல்யாணம்.

"கழட்டுடி."

"அம்மா தச்சது அக்கா. கழட்டினா எல்லாம் மறந்துடும்."

"தாயத்தா படிச்சுது? நீதானே படிச்ச!"

அவள் அசையவில்லை. "சரி, நாளைக்கு வாசல்ல குடு, நான் போட்டுக்கறேன்" என்றேன். உடனே மற்ற பெண்களும் சட்டைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார்கள்.

ஆக, நேற்று பதினோரு தாயத்துகளோடு நான்கு மணி நேரம் வாசலில் நின்றேன். மாவட்ட அதிகாரியின் மகளைத் தொடாமலே உள்ளே விட்ட காவல்காரி, எங்கள் பெண்களின் பின்னலைக்கூட அவிழ்த்துப் பார்த்தாள். என்னிடம், "டீச்சர், அவ்ளோ கண்ணா பட்டிருக்கு?" என்று சிரித்தாள்.

பெர்மெத் கடைசியாக வந்தாள். "ஒரு கேள்வியும் விடல அக்கா!" என்று கத்திக்கொண்டே, தாயத்தைக் கேட்காமல் தன் அம்மாவிடம் ஓடினாள்.

இங்கே உலர்தயிரில் உப்பே இல்லை, நம் வீட்டு உருண்டைகள் கொஞ்சம் அனுப்புங்கள். என் தேர்வன்று நீங்கள் தைத்ததைச் சிரித்து மறுத்தேனே, அது இன்னும் இருந்தால் அதையும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார்.

சைக்கால்