கத்தத் தெரிந்தவள்

செப்டம்பர் 1, திங்கள்

புதுமுக வாரம் இன்று தொடங்கியது. வரிசையில் நின்றே கால் ஓய்ந்துவிட்டது. ஐடி கார்டுக்கு ஒரு வரிசை, நூலகத்துக்கு ஒரு வரிசை, இலவசப் பைக்கு எல்லாவற்றையும் விட நீளமான வரிசை. இலவசம் என்றால் எந்த தேசத்துக்காரனும் ஒரே மாதிரிதான் முண்டுகிறான், அதில் ஒரு நிம்மதி. ஐடி கார்டில் என் முகம் செயின் அறுத்து மாட்டிக்கொண்டவள் முகம் மாதிரி இருக்கிறது. அதை நாடாவில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மாட்டுச் சந்தைதான்.

பிறகு எங்கள் வகுப்பை வட்டமாக உட்கார வைத்தார்கள். பெயர் சொல்ல வேண்டும், இங்கே ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும். நான் விமானத்திலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன். நன்றி சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன்.

சீ!

வீட்டில் என் வாயை அடைக்க ஆள் கிடையாது. நான் பேச ஆரம்பித்தால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அந்த வாயை எந்த ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன்?

அங்கே சொல்லாததை இங்கேயாவது எழுதுகிறேன். மூன்று வருடம் ஆஸ்பத்திரியில் கால் போனவர்களுக்கு நடக்கப் பழக்கும் வேலை பார்த்தேன். என் எதிரில் செயற்கைக் காலைக் கட்டிக்கொண்டு சமர்த்தாக நடந்து காட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அளவு சரியில்லாத கால் குத்தும், புண்ணாகும். சரியாகப் பொருந்துகிற காலை நானே செய்யக் கற்றுக்கொண்டால் என்ன? அதற்குத்தான் வந்தேன். இதைச் சொல்ல எனக்கு என்ன கேடு?

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் எழுதியிருந்தால் இந்தப் பக்கம் முழுக்கச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

பட்டறையைப் பார்த்தேன். அம்மாடி! சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க மாவுக்கட்டு போடும் மாவில் வார்த்த கால்கள். குழந்தைக் கால், கட்டை விரல் வளைந்த கால், கணுக்கால் பருத்த கால். பிளாஸ்டிக்கைச் சூடாக்கும் அடுப்பு ஒன்று, ஆள் உயரத்துக்கு. உருளை சுழன்று தேய்க்கும் மெஷின்கள் வரிசையாக. இங்கேயே ஒரு பாயைப் போட்டுக் குடியேறிவிடலாம் போல இருந்தது.

பட்டறைப் பொறுப்பாளர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், மிஞ்சினால் ஒன்றிரண்டு கூட. மேடம் என்று கூப்பிடாதே, பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். நாட்குறிப்பில் எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. மேடம் என்றே எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

மேடம் ஒரே ஒரு விதிதான் சொன்னார். "இங்க யார் தப்பு செஞ்சாலும், யார் பார்த்தாலும், 'ஸ்டாப்'னு கத்தணும். உடனே எல்லாரும் நிக்கணும். நான் தப்பு செஞ்சாலும் அதேதான்." எல்லோரும் தலையாட்டினோம். நான் மற்றவர்களை விட வேகமாக ஆட்டினேன்.

பிறகு ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார். முடித்தவர்கள் பின் கதவு வழியாகப் போய்விட்டார்கள். என் முறையில் கருவிகளின் பெயரெல்லாம் கேட்டார், கடகடவென்று சொன்னேன். அப்புறம் மேடம் மெஷினைப் போட்டுத் தேய்க்கக் குனிந்தார். பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. கண்ணுக்கு வரவில்லை.

பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மெஷின் நின்றது. "கண்ணாடியைக் கவனிச்சியா?"

"கவனிச்சேன் மேடம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு..."

"எனக்குத் தெரியும்னா தூள் கண்ணுல விழாதா?"

பரீட்சை அதுதானாம். அந்தக் கண்ணாடிதான் பரீட்சை! கருவிகளின் பெயரெல்லாம் சும்மா. வகுப்பில் இரண்டு பேர் தவறினோம். வெள்ளிக்கிழமைக்குள் எப்போது வேண்டுமானாலும் இன்னொரு முறை சோதிப்பாராம், சொல்லாமல். அதிலும் தவறினால் பட்டறைச் சாவி அட்டை கிடையாது. பட்டறை இல்லாவிட்டால் படிப்பு இல்லை, அடுத்த வருடம் வரலாம். அடுத்த வருடமா? வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேனே!

எங்கள் பள்ளியில் வாத்தியார் போர்டில் கணக்கைத் தப்பாகப் போட்டால் நாங்களும் தப்பாகவே எழுதிக்கொள்வோம். வீட்டுக்குப் போய் அழித்துத் திருத்துவோம். வகுப்பில் எழுந்து சொன்ன ஒருத்தி வருஷம் முழுக்க 'அதிகப்பிரசங்கி' என்ற பட்டத்தோடு அலைந்தாள். அப்படி வளர்த்துவிட்டு இப்போ திடீர்னு கத்துன்னா எப்படிக் கத்துவேன்? எங்கேருந்து வரும்?

வீட்டுக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 3, புதன்

தவறிய இன்னொருவர் யார் என்று தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி. பெயர் நான் வைத்தது. நாற்பது வயது இருக்கும், செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர், வேறு தேசம், வேறு மொழி. சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "நீயும் கண்ணாடியைப் பார்த்துட்டு சும்மா நின்னியா?" என்றார். தலையாட்டினேன். "எங்க ஊர்ல முதலாளி கிணத்துல விழுந்தாக்கூட, அவரா 'தூக்குங்கடா'ன்னு சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்போம்" என்றார். சிரித்து சிரித்துப் புரை ஏறிவிட்டது. இந்த ஊரில் நான் சிரித்த முதல் சிரிப்பு.

மாலையில் விடுதியின் துணி துவைக்கும் அறையில் பயிற்சி. மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று அவர்தான் கணக்குப் போட்டார். ஒருவர் மேடமாக நடிக்க வேண்டும், மற்றவர் கத்த வேண்டும். அவர் ஓடுகிற மெஷினின் கதவில் கை வைத்தார். நான் "ஸ்டாப்" என்றேன். "என்னது?" என்றார். மறுபடி சொன்னேன். "உப்பு கேக்கற மாதிரி இருக்கு" என்றார். அவர் முறையும் வந்தது. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் கூப்பிடுவது போல ஒரு "ஸ்டாப்". இதில் என்னைச் சொல்ல வந்துவிட்டார்!

ரோஷம் வந்து இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கத்தினோம். கடைசியில் விடுதிக் காவலம்மா தீயணைக்கும் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம். உருளையைக் கீழே வைத்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குப் பேரு கத்தலா? யாரோ அழறாங்கன்னு நினைச்சுல்ல ஓடி வந்தேன்" என்றார். பிறகு ஒன்று விட்டார் பாருங்கள், மேலே மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று மேடம் அடுப்பிலிருந்து சூடான பிளாஸ்டிக் தகட்டை எடுத்தார். கையில் மெல்லிய உறை. எனக்குப் பக்கென்றது. இதுதான் பரீட்சை! வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு சின்ன விஷயம்..."

அதற்குள் தகடு அச்சின் மேல் உட்கார்ந்தே விட்டது.

மேடம் சிரிக்கவில்லை. "இந்த உறை சூடு தாங்கும். இது பரீட்சை இல்ல" என்றார். மூச்சு வந்தது. "ஆனா ஒண்ணு. நிஜமாவே கை வெந்திருந்தா, நீ மன்னிப்பு கேட்டு முடிக்கறதுக்குள்ள தோல் உரிஞ்சிருக்கும்."

"தப்பா கத்திட்டா, மேடம்?"

"தப்பா கத்தினா என்ன? ஒரு நிமிஷம் நிப்போம். பார்ப்போம். மறுபடி வேலையைத் தொடங்குவோம். அதுக்கு யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க."

யாரும் திட்ட மாட்டார்களாம். இதை மாலை வரைக்கும் நினைத்துக்கொண்டே இருந்தேன். தப்பாகச் சொன்னால் திட்டு விழாத ஒரு அறையில் நான் இதுவரை இருந்ததே இல்லை.

அண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான். அவன் கேட்டுவிட்டுக் கெக்கெக்கே என்று சிரிக்கிறான்.

"நீயா? உனக்கா சத்தம் வரல? போன மாசம் நான் ஹெல்மெட் போடாம வண்டியை எடுத்தப்போ என்ன கத்து கத்தின! தெருவே திரும்பிப் பாத்துச்சு. பால்காரர் வண்டியை நிறுத்திட்டாருடி, பாவம், அவரு ஹெல்மெட் போட்டிருந்தாரு."

"நீயும் அவங்களும் ஒண்ணாடா? அவங்க மேடம்."

"மேடத்துக்கு அடிபட்டா வலிக்காதா?"

தடியன். சில சமயம் அவனுக்கும் மூளை வேலை செய்கிறது. அவனிடம் சொல்லவில்லை, தலைகால் புரியாமல் ஆடுவான்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஒரே சந்தோஷம். வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

காலையிலிருந்து மேடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடி கண்ணில் இருக்கிறது. முடி கட்டியிருக்கிறது. சட்டைக் கை மடித்திருக்கிறது. எல்லாம் சரியாகவே இருந்தது. மதியம் வரைக்கும் ஒன்றுமில்லை.

மதியத்துக்கு மேல் துறைத்தலைவர் வந்தார். கூடவே விருந்தாளிகள், கோட்டும் சூட்டுமாக நாலைந்து பேர். துறைத்தலைவர் என்றால் திங்கட்கிழமை மேடையில் பேசினாரே, அவர். நாங்கள் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினோம். மேடம் மெஷினில், செயற்கைக் காலில் தொடை உட்காரும் குழி ஒன்றின் விளிம்பைத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார், கண் வேலையில். துறைத்தலைவர் பேச்சு மும்முரத்தில், "இங்க பாருங்க, இந்த வளைவு" என்று விரலை நீட்டிக் குனிந்தார்.

அவர் கழுத்தில் நாடா. ஐடி கார்டு. பட்டறைக்குள் வருமுன் நாங்கள் எல்லோரும் கழற்றி வாசலில் மாட்டியிருந்தோம். அவர் மாட்டவில்லை. கார்டு முன்னால் ஊஞ்சலாடுகிறது. எதிரே உருளை சுற்றுகிறது. நாடா அதில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் முகம் எங்கே போகும்?

"நிறுத்துங்க!"

தமிழில்! ஸ்டாப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்துவேனே, அதே குரல். கத்தின சூட்டோடு பக்கத்துச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தேன். பட்டறையில் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்றது. விளக்கு மட்டும்தான் எரிந்தது.

ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஒருவர் பாக்கியில்லாமல் நின்றார்கள். விருந்தாளி ஒருவர் காபிக் கோப்பையை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடியே நின்றார்.

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். செத்தோம் என்று நினைத்தேன். நினைத்தேன்தான், ஆனால் கையைக் கட்டவில்லை, தலையைக் குனியவில்லை. அவர் கழுத்தைக் காட்டினேன். "உங்க ஐடி கார்டு. மெஷினுக்குப் பக்கத்துல." ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு சின்ன விஷயம் இல்லை.

அவர் குனிந்து பார்த்தார். கார்டுக்கும் உருளைக்கும் நடுவே ஒரு கை இடைவெளிகூட இல்லை. முகம் வெளுத்துவிட்டது. நாடாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "தப்பு என் மேலதான். ரொம்ப நன்றி" என்றார். என்னிடம்! அத்தனை பேர் முன்னால்! பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "நீங்களும் கழற்றிடுங்க, இல்லன்னா இவங்க விட மாட்டாங்க" என்றார். கோட்டும் சூட்டும் வரிசையாக வாசலுக்குப் போய் மாட்டிவிட்டு வந்தார்கள்.

அவர்கள் போனதும் மேடம் என்னிடம் வந்தார். "நான் கவனிக்கல. நீ இல்லன்னா..." சட்டைப் பையிலிருந்து சாவி அட்டையை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார்.

"பரீட்சை மேடம்?"

"இன்னுமா பரீட்சை?"

அழுதுவிட்டேன். அழுதால் என்ன? மூக்குக்கண்ணாடி என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார், இருமல்காரனைத் தட்டுவது போல. அவருக்கும் சாயங்காலம் பரீட்சை நடந்தது. மேடம் கையுறை இல்லாமல் அடுப்புக் கதவைத் தொடப் போனார், இவர் விட்ட சத்தத்தில் மேடம் நிஜமாகவே துள்ளிவிட்டார். காவலம்மாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

ஜெயிச்சுட்டேன்டா!

செப்டம்பர் 6, சனி

நேற்று ராத்திரி ஜெயித்ததைச் சொன்னேன், அண்ணன் சத்தியத்தை மீறிவிட்டான். அம்மா காலையிலிருந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, "என் பொண்ணு காலேஜ் தலைவரையே நிறுத்திட்டா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சித்தி பயந்துபோய், "ஏன், அடிதடியா?" என்று கேட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் வகுப்பு. அட்டையைக் காட்டினேன், கதவு திறந்தது. காலை முழுக்க மாவுக்கட்டு மாவு குழைத்தோம். நான் வார்த்த முதல் கால் குதிகாலில் கோணல், பரவாயில்லை, நாளை இன்னொன்று.

மதியம் தேய்க்கும் மெஷினில் முதல் முறையாக நின்றேன். ஒரே பரவசம். விளிம்பு மழமழவென்று வருகிறது, தூள் பறக்கிறது, உலகமே மறந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"நிறுத்துங்க!"

எங்கள் தெருவில் நிற்கிறேனா என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். கை தானாகவே மெஷினை நிறுத்திவிட்டது. திரும்பினால் மேடம். அந்த ஒரு வார்த்தையைச் சனிக்கிழமை முழுக்க மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து பழகியிருக்கிறார். இருவருக்கும் தமிழில் அது ஒன்றுதான் தெரியும். ஆனால் சுத்தமாகச் சொல்கிறார்கள்.

என் பின்னல் கொண்டையிலிருந்து அவிழ்ந்து தோளுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

மேடம் திட்டவில்லை. ஒரு நிமிடம் எல்லோரும் நின்றார்கள். முடியை இறுக்கி முடிந்துகொண்டேன், தொப்பியை மாட்டிக்கொண்டேன், மறுபடி மெஷினைப் போட்டேன்.