தண்ணிதானே சார்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கோபம்தான் ஆறவில்லை.

சோபாத் தோலுக்கு நாங்கள் தெளிக்கும் பாலியூரித்தேன் பூச்சு தண்ணீரில் கலந்தது, வாடை குறைவு. அதைச் சாக்காக வைத்து சூப்பர்வைசர் மாஸ்க்கை நிறுத்திவிட்டார். தெளிக்கும்போது பறக்கிற சாரல் நெஞ்சுக்குள் போகாதா? பக்கத்து மெஷின் அக்கா இருமி இருமிச் சுருண்டு விழுந்தாள்.

"தண்ணிதானேம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பூச்சையே டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

"தண்ணிதானே சார், குடிங்க."

டம்ளரைத் தொடாமல் நகர்ந்துவிட்டார். மறுநாள் எல்லோருக்கும் மாஸ்க் வந்தது. அக்காவும் தேறிவிட்டாள். என்னை மட்டும் பேக்கிங்கில் தூக்கிப் போட்டுவிட்டார். அங்கே பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.

மன்னிப்புக் கேட்டால் பழைய இடம் தருவாராம். கேட்க மாட்டேன், அப்பா.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்